டெரெக் நிரப்பிய மேகசின்

நியூஜெர்சியின் பிலிப்ஸ்பர்க்கில் லைல் ஹெண்டர்ஷாட்டைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. பாதிப்பேர் அவருடைய மஞ்சள் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ரயில்வே கேட் அருகே ஆள் நடமாட்டமே இல்லாவிட்டாலும் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். "லைல் அங்கிள், ரயில் அடுத்த வருஷம்தான் வருது, போங்க!" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். சட்டம் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

அந்த வருஷம் சட்டம் அவர் வீட்டு அலமாரிக்கே வந்தது. கைத்துப்பாக்கியின் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் அந்தச் சின்ன இரும்புக் கூட்டில், இனி பத்துக்கு மேல் கொள்ளக்கூடாது என்றது மாநிலம். முன்பு பதினைந்து வரை விட்டிருந்தார்கள். டிசம்பருக்குள் மாற்று, ஒப்படை, இல்லையேல் மாநிலத்துக்கு வெளியே அனுப்பு. வைத்திருந்தால் குற்றம், குற்றவாளிக்குப் பள்ளி பஸ் ஓட்ட உரிமம் கிடையாது.

லைலிடம் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அவருடையது அல்ல, மகன் டெரெக்கினுடையது. ஞாயிற்றுக்கிழமை சுடும் மைதானத்துக்குப் போக வேண்டுமென்று முந்தின நாளே சமையலறை மேசையில் உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக அமுக்கி ஏற்றினான். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கருவி விற்கிறார்கள், அவன் தொடமாட்டான். கடைசி இரண்டை உள்ளே தள்ளும்போது நகம் வெளுத்துவிட, "பாருப்பா, ஸ்பிரிங் என்னைத் திருப்பி அடிக்குது" என்று கட்டைவிரலை உதறிக்கொண்டே சிரித்தான். அன்று மாலையே மோட்டார் பைக்கில் போனவன் மழை ஈரத்தில் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான்.

துப்பாக்கி உயில்படி அப்பாவுக்கு வந்தது. அதை அவர் சுட்டதே இல்லை. எப்போதாவது அந்த மேகசினை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பதெல்லாம் டெரெக்கின் விரல் அமுக்கியது. உலகத்தில் அவன் செய்து வைத்துவிட்டுப் போன கடைசி வேலை அது.

துப்பாக்கிக்கடை கஸ்ஸிடம் விசாரித்தார்.

"ரொம்ப ஈஸிங்க. உள்ள ஒரு கட்டையை வெச்சு, அடியில ரிவிட் அடிச்சுட்டா பத்துக்கு மேல ஏறாது. காலி பண்ணிக் கொண்டாங்க."

"காலி பண்ணாம முடியாதா?"

கஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "தோட்டா ரொம்பின சாமானை டிரில் பண்ணச் சொல்றீங்களா? என் பொண்டாட்டி என் பேர்ல இன்ஷூரன்ஸ் போட்டு வெச்சிருக்கா, நீங்க அவளுக்கு ஆசைய காட்டாதீங்க."

மிச்சமிருந்தது ஒரே வழி. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே இந்தக் கணக்கு கிடையாது. தங்கை ஆர்லீனின் கணவர் மெர்ல் அக்கரையில் ஈஸ்டனில் இருந்தார்.

மேகசினைப் பெட்டியில் பூட்டி, காரின் டிக்கியில் வைத்து, வேக வரம்புக்கு ஒரு புள்ளி மேலே போகாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

"வா மச்சான்! அகதியா வந்திருக்கியா?" என்றார் மெர்ல். "உங்க ஊர்ல அடுத்து சூப் கரண்டிக்கும் அளவு வெப்பாங்க பாரு."

"இதை அப்படியே வெச்சிரு, மெர்ல். டெரெக்கோடது."

"என் பீரோவுல வெச்சா பேங்க்ல வெச்ச மாதிரி."

எதற்காக 'அப்படியே' என்று லைல் சொல்லவில்லை. மான் வேட்டை பற்றி விடிய விடியப் பேசுகிற ஆண்கள் அவர்கள்; இதைப் பேசுவதற்கு இருவரிடமும் வார்த்தை இல்லை.

ஈஸ்டர் அன்று ஆர்லீன் வீட்டில் விருந்து. பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கு சாலடும் முடிந்ததும், மெர்ல் கண்ணடித்து அவரை கராஜுக்கு அழைத்துப் போனார். பிளானல் துணியைப் பிரித்துக் காட்டினார். மேகசின் எண்ணெய் போட்டுப் பளபளத்தது. காலியாக இருந்தது.

"ஸ்பிரிங் இத்தனை வருஷம் அமுங்கியே கிடந்தா செத்துப்போயிடும், மச்சான். பழைய தோட்டா வேற. வீட்டுக்குப் பின்னால டின்னை வெச்சு, என் துப்பாக்கியில எல்லாத்தையும் சுட்டுத் தீர்த்துட்டேன். பிரிச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன். பையனோடதாச்சே, துருப்பிடிக்க விடலாமா?"

லைல் கட்டைவிரலை உள்ளே வைத்து அமுக்கினார். ஸ்பிரிங் விரலைத் திருப்பித் தள்ளியது.

"சுடும்போது ஒண்ணாவது சிக்கிச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அதெல்லாம் அவன் நிரப்பினது, மெர்ல். கடைசி நாள். இந்தக் கையால."

தான் தன் கையையே காட்டிக்கொண்டிருந்ததை லைல் கவனிக்கவில்லை.

மெர்லின் முகம் காதுவரை சிவந்தது. மூலையிலிருந்த பக்கெட்டை இழுத்துச் சிமெண்ட் தரையில் அப்படியே கவிழ்த்தார். திரும்ப வெடிமருந்து நிரப்புவதற்காகப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வெற்றுத் தோட்டாக்கூடுகள் சலசலவென்று கராஜ் முழுக்க உருண்டன. மெர்ல் முட்டி போட்டு அவற்றைத் துழாவத் தொடங்கினார்.

"அதோட கூட்டையெல்லாம் இங்கதான்யா போட்டேன். இதுலதான் எங்கயோ இருக்கும்."

"விடு மச்சான். எல்லாம் ஒரே ஒன்பது எம்.எம். அளவு, எது அவனோடதுன்னு தெரியாது."

மெர்ல் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து ஆர்லீன், "காபி ஆறிப்போகுது, ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க?" என்று கத்தினாள்.

லைல் பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார். குனிந்து, கூடுகளை இரு கையாலும் அள்ளித் திரும்ப அதில் போடத் தொடங்கினார்.