தள்ளிக்கொண்டு போன மிலிட்டரி வண்டி

‘டிசம்பர் 24, மாலை, வில்லாபுரம், மிலிட்டரி வண்டி’ என்று அத்தா ஒரு புகைப்படத்தின் பின்புறம் பச்சை மையில் எழுதியிருக்கிறார், ஆண்டை எழுதவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு என்பதைக்கொண்டு அதைக் கணக்கிட்டுவிட்டேன் என்றாலும், படத்தை எடுத்ததும் முதலில் நினைவுக்கு வருவது சூடான பல்பில் கருகும் சாயத்தின் வாசம்தான்.

அத்தாவுக்கு ‘சீரியல் செட்டு’ வாடகைக்கு விடும் கடை. தர்காவில் கந்தூரியோ கோயில் திருவிழாவோ, எங்கள் பக்கத்தில் விளக்குக் கட்டுவது அவர்தான். மாப்பிள்ளை ஊர்வலக் கார்களுக்கென்று, கார் பேட்டரியில் எரியும் சரங்களும் தனியாக வைத்திருந்தார். பல்புகளைச் சாயத்தில் முக்கிக் காயவைப்பது அம்மாவும் நானும்.

அத்தாவின் நண்பர் அருள்ராஜ் மாமா பட்டாளத்தில் டிரைவராக இருந்து திரும்பியவர். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரியில் வாடிப்பட்டிப் பக்கமிருந்து செங்கல் ஏற்றிவருவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அதில் குடில் வைத்து, பாட்டுக்குழுவை ஏற்றித் தெருத்தெருவாகப் போவது வழக்கம். முந்தைய ஆண்டு விளக்குக்காக ஏற்றிய ஜெனரேட்டரின் இரைச்சலில் பாட்டு எவர் காதிலும் விழவில்லை. குழுவின் முதல் குரல் மாமாவின் மனைவி ஜெசிந்தா மாமி. நர்ஸ் வேலைக்காக ஜனவரியில் குவைத்துக்குப் புறப்பட இருந்தார். அவருடைய அம்மாவோ பக்கவாதத்தில் பேச்சிழந்து, எங்கள் தெருவைத் தாண்டிய வீடொன்றில் படுக்கையில் இருந்தார்.

“இந்த வருசம் ஜெனரேட்டர் வேணாம் பாய். அவ பாட்டு அவுங்க அம்மா காதுல விழுகணும், அம்புட்டுத்தேன்” என்றார் மாமா.

“ஒன் வண்டி பேட்டரியிலயே எரிய வச்சுத்தாரேன் அருளு. நின்ன எடத்துல எஞ்சினை அமத்திட்டுப் பாடச்சொல்லு” என்றார் அத்தா.

தார்ப்பாயைக் கழற்றியதும் தெரிந்த இரும்பு வளைவுகளில் சரங்களைச் சுற்றினோம். பட்டாளத்துப் பச்சைப் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று மாமா கூடவே நின்றதால், கம்பிக்குப் பதில் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினோம். விளக்குகள் எரிந்தபோது அந்த முரட்டு வண்டி கல்யாணப் பெண்ணைப் போலக் கூச்சத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றியது.

நாலைந்து தெருக்களில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்த நேரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து, பாடி முடித்து, மாமா சாவியைத் திருப்பியபோது ‘டொக்’ என்ற ஒரு சத்தத்தோடு வண்டி அடங்கிவிட்டது. இறங்கிப்போய் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“ஒத்த பேட்டரியிலயே எல்லாத்தையும் மாட்டிப்புட்டீகளே பாய். இது மாப்பிள்ளை காரா?”

காருக்கு ஒரு பேட்டரி. அந்த வண்டிக்கோ இரண்டு. இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் எஞ்சின் கிளம்பும். காருக்குக் கட்டிப் பழகிய கை, தன் சரங்களுக்குச் சரியான அளவு என்று ஒன்றில் மட்டும் இணைப்பைக் கொடுத்து, அதை உறிஞ்சிக் காலிசெய்துவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் வேகம் அந்தக் கனத்துக்கு வராது, வேறு பேட்டரி கொண்டுவர நேரமாகும் என்றார் மாமா.

மாமி மேலிருந்து குனிந்து, “அண்ணே, எங்கம்மா மாத்திரையப் போட்டா ஒறங்கிரும். இப்பவே போகணும்” என்றார்.

அத்தா விளக்கு இணைப்பை மற்ற பேட்டரிக்கு மாற்றிவிட்டு, பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார்கள். நானும் பின்பலகையில் கைவைத்தேன்.

“ஒங்க அத்தா மாதிரிதேன், தள்ளிவிட்டாத்தேன் நகருது” என்று அம்மா சொன்னதில் எல்லோரும் சிரித்துவிட, பிடித்த மூச்சு போய் வண்டி ஒருமுறை நின்றேவிட்டது. மறுபடி அசைந்ததும், அங்கே போய்ச் சேரும்வரை காத்திராமல் மாமி பாடத் தொடங்கினார். எஞ்சின் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. சக்கரம் மண்ணை நெரிக்கும் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் மட்டும் எங்களுக்கு முன்னால் தெருமுனை திரும்பிப் போனது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாட்டைக் கேட்டுவிட்ட மாமியின் அம்மா, நல்லாயிருந்த ஒரு கையால் வாசலைக் காட்டிக்காட்டித் தன்னைத் தூக்கிவந்து உட்காரவைக்கச் செய்திருந்தார்.

அந்த லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. அத்தாவும் இல்லை, கடையும் இல்லை. இப்போதும் குடில் வண்டிகள் வருகின்றன, கண்ணைப் பறிக்கும் எல்இடி விளக்குகளோடும் ஆளுயர ஸ்பீக்கர்களோடும். அவை என்னைக் கடக்கும்போதெல்லாம், பிசகிப்போன அந்த ஒற்றை இணைப்புக்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் சரியாக நடந்திருந்தால், கண்ணாடிக் கதவு வழியே பார்ப்பதைப் போல இன்னொரு வீட்டுப் பண்டிகையைப் பார்த்துவிட்டு உறங்கப் போயிருப்பேன்.

கடைசி அடியைப் பேச்சிழந்த தன் மாமியாரும் சேர்ந்து பாடினார் என்று அருள்ராஜ் மாமா தன் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாமியைக் கேட்டால், கண்ணை மூடிப் பாடியதால் பார்க்கவில்லை என்கிறார். நான் பின்பலகைக்குப் பின்னால் நின்றேன். விசாரித்த வேறு எவரும் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் ஒருவரும் துணியவில்லை. இதுவரை சரிபார்க்க முடியாத தகவலாகவே இதை இங்கே எழுதிவைக்கிறேன்.