கிணற்றுக்குள் ஒரு பார்சல் முடிச்சு

கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டும் ஸ்கூபா தொழிலில் ஒரு வசதி உண்டு: உள்ளே போய்விட்டால் வாயைத் திறந்து பொய் சொல்ல முடியாது, பொய்யெல்லாம் கரையில்தான். பத்து வருஷம் அந்தமானில் அந்த வேலை பார்த்தேன். அப்புறம் பதினோரு வருஷம் காரைக்குடியில் மனைவி வள்ளியோடு பலகாரக் கடை. போன மாதம், என்னிடம் தொழில் பழகிய செல்வம் போன் செய்தான். ராமேசுவரம் பக்கம் இப்போது அவனே சொந்தமாக நடத்துகிறான். "அண்ணே, ஆள் பத்தல. உடம்பு பழையபடி இருந்தா அடுத்த வாரம் வாங்க" என்றான். "அப்படியேதாம்ப்பா இருக்கேன்" என்றேன். விட்ட வேலைக்குத் திரும்பிப்போய் மூச்சு வாங்கும் சகோதரர்களே, நீங்களும் இதைத்தானே சொல்லியிருப்பீர்கள்?

ஜிப்பு

பழைய ரப்பர் உடுப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். வள்ளி என் முதுகில் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்தாள். பாதி முதுகில் நின்றுவிட்டது. மாட்டுவதற்கே இப்படி இரைக்கிறதே, நாலு பேர் தங்கள் உயிரை என்னிடம் ஒப்படைக்கப்போகிறார்களே என்று அப்போதுதான் தோன்றியது. வள்ளி சந்தேகமாகக் கேட்டாள்: "இது உங்களுதுதானா, இல்ல வேற யாருதையும் மாத்தி எடுத்துட்டு வந்துட்டீகளா?"

படிக்கல்

ஒத்திகைக்குச் சாக்கோட்டையில் மச்சினன் அழகுவின் தோட்டத்துக் கிணறு. நாற்பது அடித் தண்ணீர். வாடகைக்கு எடுத்த காற்று சிலிண்டரோடு இறங்கினால் தொப்பை என்னை உள்ளே விடுவேனா என்கிறது. மூழ்கக் கனம் வேண்டும், கடலில் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிக்கு இங்கே எங்கே போவது? எலக்ட்ரானிக் தராசு வந்தபின் கடை மூலையில் கிடந்த இரண்டு கிலோ படிக்கல் ஆறை மறுநாள் மஞ்சப்பையில் போட்டு, நைலான் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். பன்னிரண்டு கிலோ என்பது கடலுக்கான கணக்கு. உப்புத் தண்ணீர் போல ஆளைத் தூக்காத நல்ல தண்ணீருக்கு அவ்வளவு வேண்டாம் என்பது புத்தியில் உறைக்கவில்லை. என் தோளில் கட்டிய காப்புக் கயிற்றின் மறுநுனி வள்ளி கையில். மூன்று முறை சுண்டினால் இழுக்க வேண்டும். அழகு மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், உள்ள போயி மிக்சர் நிறுக்கப் போறீகளா?"

முடிச்சு

விர்ரென்று இறங்கிவிட்டேன். காது வலித்தது. கால் சேற்றில் புதைந்தது. மேலே தூக்குவதற்காகப் போட்டிருந்த மிதவை ஜாக்கெட்டில் காற்றடைத்தேன். அதுவும் பரணில் கிடந்த பழைய ரப்பர், கிழிசல் வழியே குபுகுபுவென்று போய்விட்டது. மூச்சு தறிகெட்டு ஓடியது. சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரை முகத்தருகே பிடித்தேன், முள் பாதிக்குக் கீழே. கல்லை விட்டுத் தொலைப்போம் என்று இடுப்பைத் தடவினால் முடிச்சு அவிழவில்லை. கனம் ஒரே இழுப்பில் கழல வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம், எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்தது! செத்தோம் என்றே நினைத்தேன். காப்புக் கயிற்றை மூன்று முறை சுண்டினேன்.

அக்காவும் தம்பியுமாக இழுத்துப் படியில் போட்டார்கள். வள்ளி அரிவாளால் இடுப்புக் கயிற்றை அறுத்தாள். முடிச்சைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள்: "பார்சல் முடிச்சப் போட்டு வச்சிருக்கீக! பஸ்ஸுல தூக்கி எறிஞ்சாலும் அவுறக் கூடாதுன்னு கடையில நீங்கதான சொல்லுவீக?"

போன்

சாயங்காலம் செல்வம் கூப்பிட்டான். "ரெடி" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் வள்ளி ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை போச்சு என்று நான் முடிவு கட்ட, அவன் சொன்னான்: "மூணு மாசம் உடம்பத் தேத்திட்டு வாங்கண்ணே, இடம் வச்சிருக்கேன். இன்னிக்கும் நல்லாருக்கேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நாளைக்கே உங்கள நம்பி நாலு பேரை உள்ள அனுப்பியிருப்பேன்."

இப்போது தினமும் விடிந்ததும் நடக்கிறேன். பின்னாலேயே வள்ளி வருகிறாள், கையில் கயிறு இல்லை, வாய் இருக்கிறது.