ஒத்தப்பனை விலக்கில் சத்தம் இல்லை

என் வீட்டுக்காரரின் பாட்டு நோட்டைத் திறந்து பார்க்கிற யாரும் அதைப் பாட்டு நோட்டு என்று சொல்லமாட்டார்கள். நீளமான கோடு போட்ட நோட்டு. அட்டை பிய்ந்துபோனதும் கோணி ஊசியும் சணலும் வாங்கிவந்து அவரே தைத்துவைத்தார். உள்ளே பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள். ராமநாதபுரம், சாயல்குடி, ஏர்வாடி, திருப்புல்லாணி, மறுபடியும் ராமநாதபுரம். ஒரு கோடு. அதற்குக் கீழே கீழக்கரை, கீழக்கரை, ஏர்வாடி. பஸ் கண்டக்டர் டிரிப் கணக்கை எழுதிவைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். அதிலும் பாதி உண்மை இருக்கிறது, அவர் கண்டக்டர்தான். சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதினார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் மட்டும் தோளில் தோல் பைக்குப் பதிலாகக் கிடார் தொங்கும். கமுதி, கடலாடி என்று எந்த ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் மேடையின் இடது ஓரத்தில், லைட் சரியாக விழாத இடத்தில் அவர் நின்றிருப்பார்.

கிடாரில் ஒரே நேரத்தில் நாலைந்து கம்பிகளை அழுத்திச் சேர்த்து மீட்டுவதைக் கார்ட்ஸ் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர் உண்டு. அவருக்கு அந்தப் பெயர்கள் பிடிபடவில்லை. “அந்த எழுத்தெல்லாம் எனக்கு மனசுல நிக்காது. ஸ்டாப்பு நிக்கும்” என்று சொல்லிவிட்டு, தினமும் நாலு தடவை கடந்துபோகிற ஊர்களின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார். பாட்டு எங்கே போய் முடிகிறதோ அது ராமநாதபுரம். எல்லா டிரிப்பும் அங்கேதானே முடிகிறது. கொஞ்சம் துக்கமாக ஒலிப்பது ஏர்வாடி. தர்காவுக்கு நேர்ந்துகொண்டு நோயாளியைக் கையில் பிடித்தபடி ஏறுகிறவர்களை அவர் தினமும் பார்த்தவர். திருப்புல்லாணி எதற்கு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது.

“திருப்புல்லாணி தாண்டுனதும் ஆளுக பையத் தூக்கிட்டு எந்திரிச்சிர்றாகள்ல? வண்டி இன்னும் நிக்கல. ஆனா மனசு எறங்கிருச்சு. அந்தச் சத்தம்தான் திருப்புல்லாணி.”

கச்சேரிக் குழுவில் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். நானும்தான். ஆனால் பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டி, சுருதியை இறக்கச் சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் தாளைப் புரட்டி எழுத்துகளை அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள். இவர் கிடாரின் கழுத்தில் மாட்டியிருக்கும் கவ்வியை இடம் மாற்றிப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார். சுருதி எதுவானாலும் அவருடைய ஊர்கள் மாறுவதில்லை. அது எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு என்று அவர் இருந்தவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

நான் முதலில் அவருடைய பயணிதான். ராமநாதபுரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு உள்ளே பஸ் வராது, ஏர்வாடிக்கும் வாலிநோக்கம் விலக்குக்கும் நடுவில் ஒற்றைப் பனைமரம் நிற்கிற இடத்தில் இறங்கி நடக்கவேண்டும். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை எங்கள் பக்கத்தில் விலக்கு என்போம், இதற்கு ஒத்தப்பனை விலக்கு என்று பெயர். போர்டும் கிடையாது, நிழற்குடையும் கிடையாது, கேட்டால்தான் நிறுத்துவார்கள். எங்கே நிறுத்தாமல் போய்விடுவாரோ என்று ஏர்வாடி தாண்டியதுமே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். அதற்காகவே தினமும் திட்டு வாங்கினேன். “ஏம்மா டைப்பு, வண்டி நின்ன பொறவு எந்திரிச்சா ஆகாதா? ஒன்னய விட்டுட்டா போயிருவோம்?” என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது நான் ஏன் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கல்யாணமான பிறகும் அவர் வாயில் நான் டைப்புதான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச இது இடமில்லை. சாயல்குடி பஜாரில் ஜெராக்ஸும் டைப்பிங்குமாக ஒரு சின்னக் கடை போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தால் அவரும் கடைசி டிரிப்பை முடித்துவிட்டுக் குளித்து, கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அவர் வாசிப்பார். கச்சேரிப் பாட்டுகள் கொஞ்ச நேரம் ஓடும். கடைசியாக அவரே போட்ட ஒரு மெட்டு வரும். அதற்கு வார்த்தையும் இல்லை, பெயரும் இல்லை. மேடையில் ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. டைப் படித்தவளுடைய கண் எங்கே போனாலும் விரலுக்குத்தான் போகும். ஒவ்வொரு ஊருக்கும் அவருடைய இடது கை விரல்கள் எப்படி மடங்கும், எது எங்கே ஊன்றும் என்று பாராமலே பார்த்துப் படித்துவைத்திருந்தேன். மெட்டு முடியப்போகிறது என்று காதுக்குத் தெரிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். தட்டைக் கழுவி எடுத்துவைத்து, “முடிஞ்சுதா? சாப்பிட வாங்க” என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டின் ஒவ்வொரு சாயங்காலமும் இந்த ஒழுங்கில்தான் நடந்தது.

அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி பல தடவை கேட்டிருக்கிறார். கிடார்க்காரர்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், ஆறு கோடு போட்டு எழுதினால் அதுவே வாசித்தும் காட்டுமாம். “பஸ் ஸ்டாப்பை எல்லாம் டைப் அடிச்சுக் குடுக்க நான் என்ன டிப்போவா வச்சிருக்கேன்?” என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. குழுவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஒரு காலை டிரிப்பில், கீழக்கரை தாண்டி, டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஓட்டுநர் வேறெங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு விட்டார். பிரயோஜனப்படவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கே கிடாரைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணில் படக்கூடாது என்கிற ஆத்திரம். கொடுத்த பிறகுதான் ஆறு மணி என்று ஒன்று தினமும் வரும் என்பது தெரிந்தது. போனில் தேடினேன். மேடையில் வாசித்தது நாலைந்து வீடியோவில் இருந்தது. அந்த மெட்டு எதிலும் இல்லை. தினமும் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறவரை யார் எதற்காகப் பதிவு செய்வார்கள்?

அப்போதுதான் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், தலைப்பு இல்லாமல், அந்த மெட்டு இருந்தது. சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டேன். கட்டத்துக்கு மேலே கார்ட்ஸ் பெயர் எழுதுவதற்கென்று ஒரு பெட்டி இருந்தது, தமிழில் அடித்தாலும் ஏற்றுக்கொண்டது. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எல்லா ஊர்களையும் அடித்து முடித்தேன். கடைசி வரியில் ஏர்வாடி, திருப்புல்லாணி என்று வந்து, அடுத்ததை அடிக்கப் போன கை நின்றுவிட்டது. ஒத்தப்பனை என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் ராமநாதபுரம். எந்த பஸ்ஸும் அப்படிப் போகாது. திருப்புல்லாணியில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களை வைத்துக்கொண்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பி, போர்டு இல்லாத ஒரு விலக்கில் நிறுத்திவிட்டுப் பிறகு ராமநாதபுரம் போயிருக்கிறார். நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். வேறு எந்தப் பாட்டிலும் அந்தப் பெயர் இல்லை. இத்தனை வருஷமும் என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேஸ் கட்டையைத் தட்டினேன். திரையில் ஒரு கோடு ஊர் ஊராக நகர்ந்து போனது. சத்தமே வரவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கி மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சத்தம் இல்லை. கோடு மட்டும் சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் காலி பஸ்ஸாகப் போய்ச் சேர்ந்தது. குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மதினி, பேரு வெறும் பேருதான். அது பேசாது. கீழ ஆறு கோடு இருக்குல்ல, எந்தக் கம்பில எத்தனாவது கட்டைல அண்ணன் வெரலு இருந்துச்சோ, அந்த நம்பரப் போடணும். அப்பத்தான் சத்தம் வரும்.”

விரல் என்னிடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, எதிரே கட்டிலில் அவர் இருப்பதாக நினைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். தட்டிப் பார்த்தால் நாராசம். அடுப்படியில் ஏனம் உருண்டது போல ஒரு சத்தம். மறுபடியும் தம்பியைக் கூப்பிட்டேன். கடைக்கு வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தடித்த கம்பி மேலே தெரியும், மெல்லிய கம்பி கீழே தெரியும். நான் பார்த்தபடியே மேலிருந்து கீழாகப் போட்டிருந்தேன். சாஃப்ட்வேரிலோ மெல்லிய கம்பிதான் மேல் கோடு. மொத்தத்தையும் தலைகீழாக்கி எழுத ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு தட்டியபோது, என் கடை ஸ்பீக்கரில், ராமநாதபுரம் கேட்டது. அவருடைய நகம் கம்பியில் உரசுகிற சத்தம் அதில் இல்லை. ஆனாலும் அது ராமநாதபுரம்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற பெண்ணிடம் கொஞ்சம் பொறுங்கள் என்றுகூடச் சொல்ல முடியாமல் அழுதேன்.

விரல் இடத்தைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் தானாகவே ஒரு பெயரைச் சொல்கிறது. திருப்புல்லாணிக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தும் ஏழு என்ற எண்ணும் வந்து உட்கார்ந்தன. அழித்துவிட்டு ஊர்ப் பெயரையே போட்டேன். “ஒலகத்துல எங்க போனாலும் அந்த எழுத்துத்தான் மதினி புரியும்” என்றார் தம்பி. “ஒலகம் நம்ம பஸ்ஸுல ஏறுனா புரிஞ்சுக்கிரட்டும்” என்றேன்.

கடைசி வரிக்கு வந்தேன். ஏர்வாடி. திருப்புல்லாணி. ஒத்தப்பனைக்கு விரலைத் தேடினேன். கண்ணை மூடினேன். கட்டில் தெரிந்தது, கைலியின் கட்டம் தெரிந்தது, கிடாரின் கழுத்து தெரிந்தது. கை தெரியவில்லை. எவ்வளவு முயன்றாலும் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் குழாயும் எவர்சில்வர் தட்டும்தான். பிறகு புரிந்தது. திருப்புல்லாணி கேட்டதும் நான் எழுந்துபோய்விடுவேன். ஒவ்வொரு நாளும். எனக்கென்று அவர் வைத்திருந்த ஒரே இடம் வரும்போது நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஒத்தப்பனை விலக்கில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனுஷன் யாருடைய முகத்தைப் பார்த்தாரோ எனக்குத் தெரியாது. ஒரு தடவையாவது “கொஞ்சம் இரு” என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் சொல்லத் தெரிந்தவருக்கு வீட்டுக்குள் சொல்லத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் அவர்மேல் கோபம் வருகிறது. கோபம் போன பிறகு வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

“அந்த எடத்துல வழக்கமா வர்றது ஒண்ணு இருக்கு மதினி, அதப் போட்டுரட்டுமா? கேக்குறவுகளுக்கு வித்தியாசமே தெரியாது” என்றார் தம்பி. சாஃப்ட்வேரிலும் கார்ட்ஸை நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். சில பக்கத்தில் வந்தன. ஒன்றைக் கேட்டபோது இதுதான் என்று தோன்றியது. திரும்பக் கேட்டேன், இல்லை. இன்னொரு தடவை கேட்டேன், ஆமாம் என்பது போலிருந்தது. அங்கேதான் பயந்துபோனேன். நாலு தடவை கேட்டால் தப்பானதையும் காது சரி என்று ஒத்துக்கொள்ளும். அதன் பிறகு தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் கேட்டு எனக்குள் கொஞ்சம் மிச்சமிருக்கிற நிஜமானதும் அழிந்துவிடும். எல்லாவற்றையும் நீக்கினேன். கட்டத்தைக் காலியாக விட்டேன். மேலே பெயரை மட்டும் அடித்தேன்.

அந்த விலக்கில் இப்போது பனையும் இல்லை, ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். கேட்டால் இன்னும் நிறுத்துகிறார்கள். நோட்டு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சணல் இற்றுப்போய் நான் ஒரு தடவை மாற்றித் தைத்தேன். ஆறு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். ஸ்பேஸ் கட்டையைத் தட்டுகிறேன். கோடு நகர்கிறது. ஏர்வாடி வருகிறது. திருப்புல்லாணி வந்ததும் பழைய பழக்கத்தில் கால் தானாக எழப் பார்க்கிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒத்தப்பனையில் சத்தம் இல்லை. நாலு தாளத் தட்டு நேரம். கோடு அந்தக் காலிக் கட்டத்தைக் கடந்து ராமநாதபுரம் வந்து நிற்கிறது. வண்டி நின்ற பிறகுதான் எழுந்திருக்கிறேன்.