கை நனையாத சாலட்

என் வீட்டுக்காரர் தேவபிரசாதம் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. மல்லித்தழை எது, புதினா எது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்ற கையோடு சமையல்காரர் ஆகிவிட்டார். அதைச் சமையல் என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. அடுப்பே பற்றவைக்காமல் செய்கிற ஒன்றுக்கு எந்த ஊரில் சமையல் என்று பேர்?

எல்லாம் சுகர் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள் என்றார். மற்ற மனுஷராக இருந்தால் முருங்கைக்கீரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போவார். இவர் போனைத் திறந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரி மரக் கிண்ணத்தில் இலைகளைப் போட்டு ஆரஞ்சுச் சுளையோடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லெட்டூஸ் என்ற இலையை வாங்கி வருவார். அதை மூன்று தண்ணீரில் கழுவுவார். பிறகு நான் துவைத்து மடித்து வைத்த துண்டை எடுத்து விரித்து, அதில் ஒவ்வோர் இலையாகப் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாதாம். இதை எனக்குப் பாடம் நடத்துவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்குப் பொங்கிப் போட்டவளுக்கு, இலையில் ஈரம் இருக்கக் கூடாது என்று பாடம்.

அடுத்தது சாத்துக்குடி. தோலை உரித்து, வெள்ளைச் சதையைச் சுரண்டி, கத்தியை விட்டுச் சவ்வில்லாமல் சுளையை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் ஒரு பழத்தை முடிப்பதற்குள் எங்கள் தெருவில் மீன்காரி இரண்டு முறை வந்து போய்விடுவாள். மேஜை முழுக்கச் சாறு, தரை முழுக்கக் கொட்டை. கலை அவருடையது, துடைப்பம் என்னுடையது.

கடைசியில் டிரெஸ்ஸிங். நாங்கள் வேதாகமத்தில் வாசித்ததோடு சரி, ஒலிவ எண்ணெயை வீட்டுக்குள் கொண்டு வந்தது இவர்தான். பழைய ஜாம் பாட்டிலில் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, நுணுக்கிய மிளகு, உப்பு எல்லாவற்றையும் போட்டு மூடி, காய்ச்சல் மருந்தைக் குலுக்குவது போல் குலுக்குவார். ஒரு தடவை எலுமிச்சைக்குப் பதிலாக நாரத்தங்காயைப் பிழிந்துவிட்டார். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. வீம்புக்காக முகத்தைச் சுளிக்காமல் கிண்ணம் முழுவதையும் தின்று முடித்தார். பிறகு அவராகவே கருப்பட்டிப் பாகு கொஞ்சம் சேர்த்துப் பார்த்தார். சுகருக்குத் தின்கிற சாப்பாட்டில் கருப்பட்டி. படித்த மனுஷன்.

"ஏளா ஞானம், ஒரு வாய் தின்னுதான் பாரேன்" என்பார்.

"முதல்ல ஆட்டுக்கு வைங்க. அது முகத்தைத் திருப்பாம தின்னுச்சுன்னா நானும் திங்கேன்" என்பேன்.

இந்தக் கூத்து இதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எங்கள் மகள் ஜெனிலாவின் கல்யாணப் பேச்சிலும் கொண்டுபோய் அதைத் திணித்தாரே, அதற்குத்தான் சொல்கிறேன்.

ஜெனிலா கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். காபி, மிக்சர், அல்வா, அதோடு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை எவனும் மதிக்க மாட்டான். எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் காபியோடு போனவர்கள்தான். ஒவ்வொரு தடவையும் அந்த டம்ளர்களை ஜெனிலாவே எடுத்துக் கழுவுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்தத் தடவை சாத்தான்குளத்திலிருந்து ஸ்டெபின் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டெபின் துறைமுகத்தில் கன்டெய்னர் பிரிவில் இருக்கிறான். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமன் செல்வதுரையும்தான் எல்லாம் பார்ப்பது. என் வீட்டுக்காரர் முதல் நாளே என்னிடம் வந்து ரகசியம் பேசினார்.

"மிக்சர் வச்சா தின்னுட்டு எந்திரிச்சிப் போயிருவாங்க. சோறு வச்சா தொட மாட்டாங்க. இது ரெண்டுக்கும் நடுவுல உள்ளது. பலகாரம்னு நெனச்சு உக்காந்துருவாங்க. தின்னு முடிச்சாச்சுன்னா அது சாப்பாடுதான?"

"உங்க புத்தியக் கொண்டு கடல்ல போட" என்றேன். இத்தனை வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்த மூளை. பெற்ற மகளுக்கு மாப்பிள்ளை பிடிக்க இலையை வைத்துக் கண்ணி கட்டுகிறார்.

ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஸ்டெபினின் அம்மாவுக்கும் சுகர். பலகாரத் தட்டைப் பார்த்து முகம் வாடியவள், பச்சை இலையும் சாத்துக்குடியும் வறுத்த கடலையும் கிடந்த கிண்ணத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மைனி, இதுல என்ன, கருப்பட்டியா? நல்லாருக்கே" என்று இன்னொரு தடவையும் கேட்டு வாங்கினாள். செல்வதுரைக்கு முள்கரண்டி பிடிபடவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே வழித்துத் தின்றுவிட்டு எழுந்து, வாஷ்பேசினில் கை கழுவி, என் துண்டில்தான் துடைத்தார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெருமையை எங்கே போய்ச் சொல்ல.

மொட்டைமாடியில் ஸ்டெபின் ஜெனிலாவிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தான். என்ன சொன்னான் என்று ஜெனிலா பிறகு என்னிடம் சொன்னாள். "எங்கம்மா வெளிய பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. இங்க ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுட்டாங்க. அப்புறம் என்ன, முடிஞ்சிட்டுன்னு வச்சுக்கோங்க" என்றானாம். அன்றிலிருந்து தினமும் போனில் பேசினான். ஜெனிலா வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள். அவள் பாடி நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. எனக்கும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

இவர் சும்மா இருப்பாரா? நாசரேத்திலிருந்து சென்னை வரைக்கும் உள்ள சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். ஆலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்க வேண்டும் என்று போதகரான சபை ஐயரிடமும் சொல்லிவிட்டார். கூடவே அந்த டிரெஸ்ஸிங் செய்முறையையும் ஐயருக்கு ஒப்பித்திருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் செல்வதுரையும் ஸ்டெபினும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார்கள். அம்மா வரவில்லை. செல்வதுரை உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஐயர்கிட்ட ஓலைக்குச் சொல்லிட்டியளாமே. நாங்க இன்னும் முடிவே சொல்லலியே."

"அன்னைக்குச் சாப்பிட்டியளே" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்பிட்டமா? சோறு உண்டா, கறி உண்டா, அடுப்பு எரிஞ்சுதா? நாலு பச்ச எலயப் பிச்சுப் போட்டிய. அதத் தின்னதெல்லாம் கை நனச்ச கணக்குல வருமா?"

"நீங்க கையாலதான தின்னிய. வாஷ்பேசின்ல கழுவுனியளே, நாந்தான் துண்டு தந்தேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். திசையன்விளைப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறதாம். அங்கே பெண் பேரில் வீடு எழுதித் தருகிறார்களாம். "எங்களுக்கு ஒங்க பிள்ளையத்தான் பிடிச்சிருக்கு. இந்த மில்லர்புரம் வீட்ட பிள்ள பேருக்கு எழுதிட்டியன்னா, அடுத்த வாரமே அக்காவக் கூட்டிட்டு வந்து, ஆட்டுக்கறி போட்டு முறையாச் சாப்பிட்டுட்டுப் போறோம்."

இரண்டு கவளம் சோறு தின்பதற்கு ஒரு வீடு விலை என்று எந்தச் சந்தையில் படித்தார்களோ. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வெளியே போங்கள் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எழுதிருதேன். எங்களுக்கும் அவ ஒருத்திதான். இன்னொரு தடவ அவ டம்ளர் கழுவ வேண்டாம்."

அந்த மனுஷனை அந்த நிமிஷம் வெறுத்தது மாதிரி நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த ஜெனிலா வெளியே வந்தாள். அப்பாவையும் பார்க்கவில்லை, செல்வதுரையையும் பார்க்கவில்லை. நேராக ஸ்டெபின் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு மாடில என்ன சொன்னீங்க? முடிஞ்சிட்டுன்னு வச்சுக்கோங்கன்னு சொன்னீங்களா இல்லியா? இப்ப உங்க வாயால சொல்லுங்க. உங்கம்மா இங்க தின்னது சாப்பாடா, சாப்பாடு இல்லியா?"

ஸ்டெபின் அவள் முகத்தைப் பார்த்தான். மாமன் முகத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, பார்க்காமலே திரும்ப உள்ளே போட்டுக்கொண்டான். கன்டெய்னரைத் தூக்கி வைக்கிற இடத்தில் வேலையாம். ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை.

"மாமா சொல்லுதது சரிதான. அது சும்மா எலதான" என்றான்.

ஜெனிலா தலையை ஆட்டினாள். அழவில்லை.

"அப்பா, ஐயருக்குப் போன் போட்டு ஓலை வேண்டாம்னு சொல்லுங்க. வீட்டுப் பேச்ச இனி எடுக்காதீங்க. எனக்கு இவர் வேண்டாம்."

"ஏம்மா, அவசரப்படாத, பெரியவங்க பேசுதோம்லா" என்றார் செல்வதுரை.

"நான் பேசி முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான நம்பரைத் தட்டினார். ஐயர் எடுத்ததும் நடந்ததைச் சொல்ல வராமல், "ஓலை வேண்டாம் ஐயரே, பிள்ளைக்கு வேண்டாமாம்" என்று மட்டும் சொன்னார். பேசிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

செல்வதுரை எழுந்தார். இவ்வளவு பேசிய தொண்டை காய்ந்துவிட்டது போல. வாசல்படியில் செருப்பை மாட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல், "மைனி, ஒரு வாய் தண்ணி தாங்க" என்றார்.

நான் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"வயிறு நிறையக் குடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் எதுவும் கணக்குல வராதே."