முனீஸ்வரியின் வலது கடவாய்

என் மனைவி முனீஸ்வரி ராசிங்காபுரத்துக்காரி. பதினாறு வயதிலிருந்து மலையில் ஏலக்காய் எடுத்தவள். இருபது வருஷம் மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் அவளுக்கு ஸ்டோருக்குள் வேலை கிடைத்தது. ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கட்டடம். தட்டுக்கு ஒரு காயை எடுத்து வலது கடவாயில் வைத்துக் கடிப்பாள். "பதம் வந்திருச்சு" என்று அவள் சொன்னால்தான் அடுப்பை அணைப்பார்கள். அந்த வேலைக்குப் போகும்போது அவள் முகத்தில் இருந்த களையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அந்தக் கடவாய்ப் பல்லுக்குப் போன வருஷம் வேர் சிகிச்சை செய்து உறை போட்டார்கள். நாலே மாதத்தில், கடித்தால் சுருக்கென்று வலிக்கிறது என்றாள். போடியில் பல் டாக்டர் இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றுமே தெரியவில்லை.

"இடது பக்கம் கடிக்க வேண்டியதுதான?" என்றேன்.

"அந்தப் பக்கம் பதம் தெரியல மாமா."

நான் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவன். போடிமெட்டு ஏறும்போது, வண்டி நிறையப் பெண்கள் இருக்க, "எக்ஸ்ரேயில இல்லாத வலி ஒனக்கு மட்டும் எங்கிருந்துடி வருது? சோலிக்குப் போகத்தான் வலிக்குதாக்கும்!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

ஐப்பசியில் ஒரு லோடு காய் முழுக்கப் பூஞ்சை பூத்தது. "கடிச்சுப் பாத்தியா, இல்லையாம்மா?" என்று கேட்டார் ஸ்டோர் மேஸ்திரி மகாராஜன்.

"கடிக்க முடியலண்ணே" என்றாள். கன்னம் வீங்கியிருந்தது.

"பல்லச் சரிபண்ணிட்டு வெரசா வா. அதுவரைக்கும் ஒன் எடத்துல ஆள் போடல."

மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே உறையைக் கழற்றி, பல் வேருக்குள் கம்பி போன்ற ஒன்றை விட்டார்கள். வெறும் வெளிச்சத்தாலேயே உள்ளே படம் பிடிக்கிற கருவியாம். இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறதாம். எக்ஸ்ரேயில் சிக்காத விரிசல்கூட இதில் தெரியுமாம். திரையில் வேர் வட்டமாகத் தெரிந்தது. அதில் முடியை விட மெல்லிய கீறல் ஒன்று ஓடியது.

"வேர் நீளவாக்குல பிளந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அதை வச்சே கடிச்சுக்கிட்டு இருந்ததுல சுத்தி எலும்பும் கரைஞ்சு போச்சு. இந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் தேறாது, எடுத்தாகணும். எப்படிம்மா இவ்வளவு நாள் பொறுத்தீங்க?"

திரையை அவள் பக்கம் திருப்பினார். முனீஸ்வரி பார்க்கவில்லை.

"எனக்குத்தான் தெரியுமே. அவருக்குக் காட்டுங்க."

பார்த்தேன். அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பதம் பார்க்கும் பல் போய்விட்டதால், இப்போது அவள் மறுபடியும் மற்றவர்களோடு காய் எடுக்கச் சரிவில் இறங்குகிறாள். எங்கேயாவது வலிக்கிறதா என்று தினமும் கேட்கிறேன். "ஒண்ணுமில்ல" என்கிறாள். நேற்று ஜீப்பிலிருந்து இறங்கியவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டு நடந்தாள்.