எண்ணெய் கறுத்தது, கன்னியப்பன் திருடவில்லை

தென்னேரியில் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிய அன்று பகல், எங்கள் கம்பவுண்டர் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். டிரைவர் கன்னியப்பன் காலையில் போய்விட்டார். மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் வீட்டுக்கு ஓடினேன், அழுதேன். அந்த அழுகை இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் எங்கள் மருத்துவ சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். செயலாளர் எழுந்து, "தவறு செய்து திருந்திய மனிதர்" என்று கன்னியப்பனைப் புகழ்ந்தார். அது முதல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கூட்டத்தில் பேச எனக்கு இடம் தரவில்லை. ஆகவே எழுதுகிறேன். உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் எங்கள் ஜீப்பின் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்தவர்கள் நீங்கள். அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தவர்கள். கன்னியப்பன் செய்த தவறு என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

அந்த ஜீப் சங்கத்துக்குத் தானமாக வந்த டீசல் வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு கோடையில் பழையசீவரத்துக்குப் பக்கத்தில் பாலாற்று மணலில் ஒரு லாரி அச்சு வரை புதைந்து கிடந்தது. எங்கள் வண்டியிலோ முதல் பிரசவ வலியில் ஒரு பெண். கன்னியப்பன் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினார். வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து அக்கரை சேர்ந்தது. பெரிய சாமர்த்தியம் என்று நான் மெச்சியபோது, "சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. உள்ள சரியான எண்ணெய் கீது, அவ்ளோதான்" என்றார்.

சரியான எண்ணெய் என்பதில் அவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டிக் கற்றது அது. ஷெட்டில் மூன்று டின்கள் வைத்திருந்தார். எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, சக்கர அச்சுக்கு ஒன்று. மூன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்து, ஊற்றும் புனலைக்கூடத் தனித்தனியாகத் தொங்கவிட்டிருந்தார். நான் மருந்து பாட்டில்களை அடுக்குவதைக் காட்டிலும் அவர் ஒழுங்கு அதிகம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சங்கத்து ஸ்டோர் கீப்பருக்கு எண்ணெய் என்றால் எண்ணெய், அவ்வளவுதான். ஒருநாள் கியர்பாக்ஸுக்கு என்று அச்சு எண்ணெய் டின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கன்னியப்பன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார். இரண்டும் ஒரே கெட்டிதானே, என்ன வித்தியாசம் என்று நானே கேட்டேன். அச்சுக்கு ஊற்றும் எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கும், அதுதான் அந்த நாற்றம், கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன, கந்தகம் அவற்றை அரித்துவிடும் என்று விளக்கினார். எனக்கு உடனே புரிந்தது. காதுக்கு விடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட முடியுமா? ஸ்டோர் கீப்பருக்குப் புரிந்தது வேறு. டிரைவருக்குத் திமிர் என்று செயலாளரிடம் போய்ச் சொன்னார். கூலி வேலைக் குடும்பத்தில் பிறந்தவன் டின்னைத் திருப்பி அனுப்புவதா என்பதுதான் அந்தத் திமிருக்கு அர்த்தம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அந்த அறையில் இருக்கவில்லை.

அடுத்த மாதம் ஜீப்புக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றினார்கள். டீசல் எஞ்சினுக்கென்றே வரும் சரக்கைத்தான் கன்னியப்பன் கேட்டு வாங்கி ஊற்றினார். மூன்றாம் நாள் செயலாளர் ஷெட்டுக்கு வந்தார், பின்னாலேயே ஸ்டோர் கீப்பர். எஞ்சினில் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தார்கள். துணி கரியாகக் கறுத்தது. செயலாளரின் பெட்ரோல் காரில் எண்ணெய் வாரக்கணக்கில் தேன் நிறத்தில் இருக்குமாம். இங்கே மூன்றே நாளில் கறுத்திருக்கிறது என்றால், புது எண்ணெயை விற்றுவிட்டுப் பழையதையே டிரைவர் உள்ளே விட்டுவைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவுக்கு வர இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். துணியைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார்கள். கறுப்பு என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதவில்லை. ஆனால் அந்த உண்மையை எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஜுரத்துக்கு ஒன்பது கேள்வி கேட்கும் வாய் அன்று மூடிக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் பதறவில்லை. செயலாளருக்கு எதிரே நின்று இவ்வளவு சொன்னார்: "ஐயா, டீசல் எரிஞ்சா கரி வரும். இந்த எண்ணெய்ல சோப்பு மாதிரி ஒரு மருந்து கீது. அது கரியை எஞ்சின்ல ஒட்டவுடாம கழுவி எடுத்துக்கினு வருது. அழுக்குத் துணி தொவைச்ச தண்ணி வெள்ளையாவா இருக்கும்?" அதோடு நிற்கவில்லை. உங்கள் கையாலேயே புது எண்ணெய் ஊற்றுங்கள், மூடிக்கும் அடியில் உள்ள திருகுக்கும் அரக்கு முத்திரை வையுங்கள், வண்டியை உத்திரமேரூருக்கும் ஓரிக்கைக்கும் நாலு நடை ஓட்டுகிறேன், பிறகு கம்பியை உருவிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அரக்கு மேஜை மேலேயே இருந்தது. எனக்குப் பாடம் நடத்தாதே என்றார் செயலாளர். அத்தோடு விசாரணை முடிந்தது.

பணிப் பதிவேட்டில் 'எண்ணெய் திருட்டு' என்று ஏறியது. ஜீப் சாவியை வாங்கிக்கொண்டு கன்னியப்பனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் கேட்டைத் திறந்து மூடவும் போட்டார்கள். புது டிரைவருக்கு ஸ்டோர் கீப்பரே எண்ணெய் தேர்ந்தெடுத்தார். காருக்கு வாங்கும் சாதா எண்ணெய். எஞ்சினுக்கும் அதுதான், கியர்பாக்ஸுக்கும் அதுதான். அது சீக்கிரம் கறுக்கவில்லை. கம்பியைத் துடைத்துக் காட்டி, யோக்கியமான டிரைவர் வந்தால் எண்ணெயும் யோக்கியமாக இருக்கிறது பார் என்று என்னிடமே பெருமை பேசினார். கேட்டருகே பூவரச மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன் காதில் அது விழுந்தது.

அன்று மாலை அவரிடம் போனேன். என் எழுத்தால்தான் உங்களுக்கு இந்த கதி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "நீங்க பார்த்ததைத்தான் எழுதனீங்க. பார்க்காததை அவங்க எழுதிக்கினாங்க. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஜீப் புகையாகக் கக்க ஆரம்பித்தது. மேட்டில் ஏறாது, பாதி வழியில் நின்றுவிடும். கியர் மாற்றினால் பல் நறநறக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தார். கழுவி எடுக்க அந்தச் சோப்பு மருந்து இல்லாமல் கரி இறுகி, அதன் வளையங்களெல்லாம் அசையாமல் ஒட்டிப்போயிருந்தன. டீசல் எஞ்சினில் எந்தப் புத்திசாலி இந்த எண்ணெயை ஊற்றினான் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பருக்கு ஸ்டோரில் அவசர வேலை வந்துவிட்டது.

மறுவாரம் கன்னியப்பனிடம் சாவி திரும்பி வந்தது. எப்படி வந்தது தெரியுமா? 'கருணை அடிப்படையில் மன்னித்து' என்ற உத்தரவோடு. திருடாதவருக்கு எதற்கு மன்னிப்பு? அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு எண்ணெய் கேட்கப் போனார். வளையம் மாற்றிய எஞ்சினில் முதல் எண்ணெய் சீக்கிரம் அழுக்காகும், அதைச் சில நாளிலேயே இறக்கிவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கன்னியப்பனின் எழுத்தை அந்த அலுவலகம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தது.

பதிவேட்டில் ஏறியதை அடிக்கச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்தார். இரண்டையும் நான்தான் நல்ல எழுத்தில் எழுதினேன். பதில் வரவில்லை. என் மகன் நாளைக்கு ஒரு வேலைக்குப் போனால், அப்பன் திருடன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்றார் கன்னியப்பன். வண்டி ஓட்டிய காலமெல்லாம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைக் கொடுக்காதவர்கள் கூட்டம் போட்டு மாலை சார்த்தினார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, முகர்ந்து பார்க்காமல் எதையும் எதிலும் ஊற்றாத அந்தப் பிடிவாதம். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், எதற்கு என்று கேட்காமல் இப்போது நான் பேனாவைத் திறப்பதில்லை. இது எனக்கு மிகவும் தாமதமாக வந்த புத்தி.

நேற்று செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். துணி கறுப்பாக இருந்தது, கன்னியப்பன் புது எண்ணெய் ஊற்றியதால்தான் கறுத்தது, என் சாட்சியத்தின் மறுபாதி இது, பதிவேட்டில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு அதன் நகலில் கையெழுத்துக் கேட்டேன். எதற்கு என்றார். உங்கள் கண்ணால் பார்த்ததற்கு என்றேன். போட்டார். அந்தத் தாளைக் கன்னியப்பன் மகனிடம் கொடுத்திருக்கிறேன்.