கட்டி வைத்த எண்கள்

எங்கள் தெருப் பஞ்சாட்சரம் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்கு உதவியது என்று மட்டும் கேட்காதீர்கள். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி, மெட்ராசில் பயிர் விளைச்சலைக் கணக்கிடும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வந்தான். எண்பத்தேழில் அங்கே கம்ப்யூட்டரும் அதில் ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழியும் இருந்தன.

வறட்சியை அளக்க அவன் அதில் ஒரு ஃபங்ஷன், அதாவது கணக்குப் போடும் குட்டிப் புரோகிராம், எழுதினான். ஒவ்வொரு வட்டாரத்தின் மழை, விளைச்சல் எண்களையும் ஒரு பட்டியலாகக் கட்டி வைப்பான். ‘டூ கால்’ என்று ஒரே வரி கொடுத்தால் போதும், மிஷினே பட்டியலை எடுத்து ஃபங்ஷனிடம் கொடுத்து விடை வாங்கிவிடும். அதிகாரி மெச்சினார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அவன் அக்கா சந்திராவின் கணவர் வீரபத்திரனுக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. அவர் வந்து புலம்பினார்.

“வெளச்சல் கணக்கெடுக்க வந்தவங்க ரோட்டோரம் கெணறு இருக்கிற கொல்லையில மட்டும் புடுங்கி எடை போட்டுகினு பூட்டாங்க. ஊரே காஞ்சி கெடக்குது. ரெண்டு மாட்டுக்கும் தீவனம் இல்ல, சந்தைக்கு ஓட்டிடலாம்னு பாக்கறேன்.”

“விக்காதீங்க பாவா. நான் மறுபடி எடை போட வைக்கறேன். வறட்சி லிஸ்டுல ஊரு வந்தா கவர்மெண்டு தீவனம் வந்துடும்.”

சொன்னபடி அலைந்து எடை போட வைத்தான். புது எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த ஒரே வரியைக் கொடுத்துவிட்டு, விடையைக்கூடப் பார்க்காமல் ரயிலைப் பிடித்தான். பட்டியலை மறுபடி கட்டவில்லை. கட்டுச்சோறு கட்டின பிறகு வீட்டுக் குழம்பில் உப்புப் போட்டால், மூட்டைக்குள் இருப்பதில் ஏறுமா? பழைய எண்தான் போயிற்று. ஆர்.கே.பேட்டை செழிப்பு என்று விடை வந்தது.

தெரிந்ததும் போய்க் கெஞ்சினான். “மேல போன லிஸ்ட் போனதுதான்யா” என்றார் அதிகாரி. அதே புரோகிராமைக் காட்டி அந்த ஆள் பதவி உயர்வு வாங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தை பிறக்குமுன் மாடு இரண்டும் செத்தன. பஞ்சாட்சரம் நேரில் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னான். வீரபத்திரன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். சந்திராதான் பேசினாள்.

“மிஷினு கதையெல்லாம் எனக்குத் தெரியாது. சந்தைக்குப் போயிருந்தா எவன் வீட்லயாவது உசுரோட இருந்திருக்கும். விக்காதேன்னது நீ.”

ஆடிக் கிருத்திகைக்கு வீரபத்திரன் காவடி எடுத்து எங்கள் தெரு வழியாக மலைக்கு வந்தார். காவடிக்காரர் காலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பஞ்சாட்சரம் குடத்தோடு வாசலில் நின்றான். அவர் நிற்காமல் அவனைக் கடந்து, அடுத்த வீடான என் வாசலில் வந்து நின்றார். நான்தான் ஊற்றினேன்.